குடுமியின் பேரில் ஒரு வழக்கு



சென்ற மாதம் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து இந்த வாரத் தியானத்தைத் தொடங்குகிறேன். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை நம் சபை வாலிபர் ஒருவருக்கு வந்தது. அவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவர். இரண்டரை வருடம் வளர்த்த முடி தோளைத் தாண்டித் தொங்குகிறது. மூப்பர் சிலர் முணுமுணுத்தார்கள். நான் அவரை என் அறைக்கு அழைத்து, "தம்பி, முடியை வெட்டிவிட்டு வந்து வாசியுங்கள்" என்றேன். "சரிங்கய்யா" என்று போனவர் அடுத்த மூன்று வாரங்கள் ஆலயத்துக்கு வரவில்லை.

அந்த அறையின் சுவரில் இரண்டு படங்கள் உண்டு. ஒன்று, நம் வீடுகளில் நாட்காட்டிதோறும் காணும் இயேசுவின் முகம். தோளில் தவழும் நீண்ட கேசம். 1940இல் அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் தீட்டிய படத்தின் வழிவந்தது அது. மற்றது, பழைய மிஷன் காலத்துச் சபை மூப்பர்கள் கோட்டு அணிந்து, மடியில் வேதாகமத்துடன் அமர்ந்திருக்கும் படம். அவர்களில் இருவர் சற்றே திரும்பி அமர்ந்திருப்பதால், பின்னால் முடிந்த குடுமி தெளிவாகத் தெரிகிறது. பல வருடங்களாக அந்தப் படத்தின் கீழ் அமர்ந்து எழுதுகிறேன். அவர்கள் தலையை நான் கவனித்ததே இல்லை.

தமிழ்க் கிறிஸ்தவரின் தலைமுடி இதற்கு முன்னும் வழக்காடு மன்றம் ஏறியிருக்கிறது, அன்பானவர்களே. சென்றது கோவா வரைக்கும், ரோமாபுரி வரைக்கும்.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு ராபர்ட் டி நொபிலி, இயேசு சபையைச் சேர்ந்தவர். தத்துவ போதகர் என்ற பெயரில் காவி உடுத்து, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, உயர்குலத்தாரிடையே ஊழியம் செய்தார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் நீராடலையும் விட்டுவிட வேண்டியதில்லை, இவை குலத்தின் அடையாளங்களேயன்றி விக்கிரக வழிபாடு அல்ல என்பது அவர் வாதம். அவருக்கு முன்பே மதுரையில் ஊழியம் செய்துவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் இதைப் பொறுக்கவில்லை; மேலிடத்துக்குப் புகார் எழுதினார். 1619இல் கோவாவில் விசாரணை நடந்தது. இறுதியில் 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், மூடநம்பிக்கை கலவாதிருந்தால் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று ஆணையிட்டார். ஒரு முடிச்சு மயிருக்காக மதுரைக்கும் கோவாவுக்கும் ரோமுக்குமிடையே கடிதங்கள் அலைந்த காலத்தை நினைத்துப் பாருங்கள்! அதே 1623இல் நொபிலி நம் பக்கத்துச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்து ஊழியம் தொடங்கினார்.

அந்த ஆணையில் இன்னொன்றும் உண்டு. உயர்குலத்து விசுவாசிகள் எளியவரை, விசேஷமாக ஆலயத்திலே, இகழக் கூடாது என்று பாப்பரசர் மன்றாடியிருந்தார். குடுமிக்குக் கிடைத்த அனுமதியை நம் முன்னோர் விடாமல் பற்றிக்கொண்டார்கள். மன்றாட்டு எந்த அளவுக்குக் கேட்கப்பட்டது என்பதற்கு, தமிழ்நாட்டு ஆலயங்களில் குலவாரியாக இருந்த இருக்கைகளும் கல்லறைகளுமே சாட்சி. இதை மறைத்துவிட்டு நொபிலியைப் புகழ என் மனம் ஒப்பவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கு நம்மவரிடம், அதாவது புராட்டஸ்டண்டு மிஷன்களிடம் வந்தது. கிறிஸ்துவை ஏற்றவன் குடுமியை அறுக்க வேண்டும், அது புறமதச் சின்னம் என்று மிஷனெரிமார் சிலர் வற்புறுத்தினார்கள். எதிர்த்து எழுதியவர் வேறு யாருமல்ல, இடையன்குடி கால்டுவெல் ஐயர்தான். 1838இல் சென்னையில் இறங்கி, நீலகிரி வழியாகக் கால்நடையாகவே திருநெல்வேலிச் சீமைக்குப் போனவர். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர். அவர் குடுமியைப் பற்றி எழுதிய கட்டுரை 1875இல் பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஆன்டிகுவரி இதழில் அச்சேறியது. குடுமி இந்நாட்டு மக்களின் பழைய தலையலங்காரம், மதச் சின்னமன்று என்பதே அவர் கொண்ட பக்கம். பக்கத்து இலங்கையில் சிங்கள ஆண்கள் கொண்டையிட்டு ஆமையோட்டுச் சீப்புச் செருகியிருந்த காலம் அது. நீண்ட முடி ஒரு மதத்துக்கு மட்டும் உரியதன்று என்று காண அந்தக் கடலைக் கடந்தால் போதும்.

வழக்கில் யார் வென்றார்கள்? ஒருவரும் இல்லை. பள்ளிக்கூடமும் கச்சேரி உத்தியோகமும் கிராப்பைக் கொண்டுவந்தன. காந்தியடிகளே, சீமைக்குப் புறப்பட்டபோது அங்குள்ளோர் நகைப்பார்களே என்று தம் குடுமியைக் களைந்ததாகத் தமது சரிதையில் எழுதியிருக்கிறார். இரண்டு மூன்று தலைமுறைக்குள், எந்தச் சபைச் சட்டமும் இல்லாமலே, குடுமி நம் ஆலயங்களிலிருந்து மறைந்தது. எனக்கு நகைப்பும் வெட்கமும் இங்கேதான். நீண்ட முடி இந்த நாட்டுப் புறமத வழக்கம், வெட்டு என்றார்கள் அன்று. நீண்ட முடி மேல்நாட்டு நாகரிகம், வெட்டு என்கிறோம் இன்று.

நான்காம் வாரம் அந்த வாலிபரின் வீட்டுக்குப் போனேன். ஞாயிறு மாலை, வாசல்திண்ணையில் தலை உலர்த்திக்கொண்டிருந்தார். நான் முதலில் பேசத் தயங்கியதால், முடியைப் பற்றியே கேட்டேன். அவர் உற்சாகமாகச் சொன்னார். சாயக் கழிவால் நம் ஊர் நிலத்தடி நீர் கெட்ட கதை உங்களுக்குத் தெரியும். 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்னது. போர் தண்ணீரின் உப்பில் முடி கரகரத்து அறுந்துவிடுகிறதாம். ஆகையால் தலைக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்துவைக்கிறார். குளிக்குமுன் தேங்காயெண்ணெய். ஈரமுடி இழுத்தால் எளிதில் அறும்; உலருமுன் முடிவதில்லை, சீப்பு போடுவதுமில்லை. பிறகு அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்கிறார். கம்பெனியில் பஞ்சுத் தூசு படியாமலும் மெஷினில் சிக்காமலும் துணியால் இறுகக் கட்டிக்கொள்கிறார். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதைக் காக்க இவ்வளவு பொறுமை. படத்திலுள்ள மூப்பர்களும் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்து, உலர்த்தி, இப்படித்தான் முடிந்திருப்பார்கள்.

"ஐயா, பவுல் சொன்னது?" என்று அவரே கேட்டார். அந்த வசனத்தை நான் தள்ளவில்லை. 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் ஆண் முடியை நீளமாக வளர்ப்பது கனவீனம் என்கிறார் அப்போஸ்தலர். சுபாவத்தையே சாட்சிக்கு அழைக்கிறார். கொரிந்து, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மீண்டும் குடியேற்றிய ரோமக் குடியேற்றம். ரோம ஆடவர் முடியைக் குறுக வெட்டியவர்கள். ஆனால் அதே பவுல், கொரிந்துவின் துறைமுகமாகிய கெங்கிரேயாவில், ஒரு பொருத்தனையினிமித்தம் தலைமுடியைக் களைந்ததாக அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. பொருத்தனை முடியும்வரை வளர விட்டதையல்லவா களைந்திருப்பார்? நசரேயரின் தலையில் சவரகன் கத்தி படலாகாது என்று எண்ணாகமம் 6 கட்டளையிடுகிறது. வளர்ப்பதும் களைவதும் தேவனுக்கு முன்பாக எதற்காக என்பதைத்தான் நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது அளவுகோலை.

மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்கய்யா" என்றார் அவர். அவர் தாயார் காப்பி கொண்டுவந்து வைத்து, "நானுந்தானுங்க வெட்டச் சொல்றேன், கேட்டாத்தானே" என்றார். மூப்பர்களின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்தார்.

வரும் ஞாயிறு வேதபாடம் அவர் முறை. முடியைக் கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். முணுமுணுத்த மூப்பர்களிடம் நான் இன்னும் பேசவில்லை; அதற்குள் அவர்கள் இதை வாசித்துவிடுவார்கள் என்றே எண்ணுகிறேன்.