நூறு வெள்ளிக்குள் நல்ல இயர்போன்: காதுக்கு எது உகந்தது?

ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர், பாசிர் கூடாங் தொழிற்சாலைப் பேருந்தில் உட்கார்ந்திருப்பவர், குளுவாங், லாயாங்-லாயாங் பக்கத்துத் தோட்டங்களில் மாலை வேளையில் மின்னல் எப்.எம். கேட்பவர், இணைய வகுப்பில் பாடம் கேட்கும் மாணவர் என எல்லாரிடமும் இருக்கும் ஒரு பொருள் இயர்போன். ஆனால் அதை வாங்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது விலையும் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரும்தான். காதுக்குள் என்ன கேட்கும் என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

காதுத் துளைக்குள் பொருத்தும் வகை இயர்போன்களில், நூறு வெள்ளியைத் தாண்டாத விலையிலேயே நல்ல ஒலி கிடைக்கும் காலம் இது. எதைப் பார்த்து வாங்குவது, எப்படி ஒப்பிடுவது என்பதை இங்கே காணலாம்.

விலை கூடினால் ஒலி கூடுமா?

கூட வேண்டிய கட்டாயம் இல்லை. 2017-ஆம் ஆண்டில் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை எடுத்து அவற்றின் கடை விலையோடு ஒப்பிட்டார். கீழ்ச்சுருதி, நடுச்சுருதி, மேல்சுருதி ஆகியவற்றை ஒரு கருவி எந்த விகிதத்தில் தருகிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பு இல்லை என்பதே அவர் கண்ட முடிவு. விலையுயர்ந்தவற்றில் தயாரிப்புத் தரம், வசதி, தோற்றம் ஆகியவை கூடலாம். ஒலிச் சமன் அதனாலேயே கூடிவிடாது.

அப்படியானால் நல்ல ஒலிச் சமன் எது? ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும் பல வகைக் கேட்போரை வைத்துச் சோதித்து, பெரும்பாலோர் விரும்பும் ஓர் ஒலி அமைப்பை வரைகோடாகத் தந்தார்கள். இன்று மலிவு விலை இயர்போன் செய்யும் சீன நிறுவனங்கள் பல, அந்தக் கோட்டை ஒட்டியே தங்கள் பொருளைச் சுருதி கூட்டுகின்றன. இருபது டாலர் பொருளில் நல்ல ஒலி வருவதற்கு இது முக்கியக் காரணம்.

இதற்கு உடலமைப்பும் ஒரு காரணம். நம் காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். திறந்த காதில் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி இயல்பாகவே பெருகும். இயர்போன் துளையை அடைக்கும்போது அந்தப் பெருக்கம் மாறிவிடுகிறது. அதைக் கருவியே ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டாத இயர்போனில் பாடகர் கதவுக்குப் பின்னால் நின்று பாடுவதுபோல் இருக்கும். அளவு மீறினால் குரல் காதைக் குத்தும்.

ஐந்து கருவிகள், ஐந்து குணங்கள்

மலிவு விலைப் பிரிவில் அதிகம் பேசப்படும் ஐந்து கம்பி இயர்போன்களை எடுத்துக்கொள்வோம். ஐந்திலும் ஒலி எழுப்புவது 10 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒற்றை இயக்கிதான். ஆனாலும் ஒலி ஒன்றுபோல் இல்லை.

மூன்ட்ராப் சூ 2: சீனாவின் செங்டூ நகர நிறுவனம் 2023-இல் வெளியிட்டது. சுமார் 19 அமெரிக்க டாலர். குரல் தெளிவாக முன்னே நிற்கும். கீழ்ச்சுருதி அளவோடு இருக்கும். முதல் சூவில் கம்பியைக் கழற்ற முடியாது. இதில் முடியும். கம்பி அறுந்தால் முழுக் கருவியையும் எறிய வேண்டியதில்லை.

செவன் ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ: 2022-இல் வந்தது, சுமார் 20 டாலர். வெளிச்சமான ஒலி. வீணை, வயலின், தாளக்கருவிகளின் நுணுக்கம் நன்றாகக் கேட்கும். பழைய பாடல்களில் மேல்சுருதி சற்றுக் கூடுதலாகத் தோன்றலாம்.

செவன் ஹெர்ட்ஸ் ஜீரோ 2: சுமார் 25 டாலர். முதல் ஜீரோவைவிடக் கீழ்ச்சுருதி அதிகம், மேல்சுருதி மென்மை. இது சிங்கப்பூரைச் சேர்ந்த, கிரினாக்கிள் என்ற பெயரில் அறியப்படும் விமர்சகரின் கூட்டில் உருவானது. நூற்றுக்கணக்கான இயர்போன்களை அளந்து, வரைகோடுகளை ஒப்பிட்டுப் பார்க்கும்படி இணையத்தில் வைத்தவர் அவர். விமர்சகரே பொருளின் பங்காளியாகும்போது, அந்தப் பொருளுக்கு வேறொருவரின் கருத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

டாங்சூ வான்எர்: சுமார் 20 டாலர். இதமான ஒலி, குத்தல் குறைவு. மணிக்கணக்கில் கேட்பவருக்கும் வகுப்புக்குப் பயன்படுத்தும் மாணவருக்கும் ஏற்றது. நுணுக்கத்தில் ஜீரோவுக்குச் சற்றுப் பின்னே நிற்கும்.

கேஇசட் இடிஎக்ஸ் புரோ: சுமார் 10 டாலர். கீழ்ச்சுருதியும் மேல்சுருதியும் தூக்கலாக, நடுவே குரல் சற்று உள்வாங்கியிருக்கும். நடனப் பாடலுக்குக் கொண்டாட்டம். வாய்ப்பாட்டுக்கு அவ்வளவு பொருந்தாது. இதன் கம்பி முனை 0.75 மில்லிமீட்டர் அளவு. சூ 2, ஜீரோ ஆகியவற்றின் 0.78 மில்லிமீட்டர் கம்பியை இதில் திணிக்கக் கூடாது.

நம் பாட்டை வைத்தே சோதிக்கலாம்

ஒலிச் சோதனைக்கு ஆங்கிலப் பாடல்தான் வேண்டும் என்பதில்லை. நமக்கு மனப்பாடமான பாட்டே சிறந்த அளவுகோல்.

கீழ்ச்சுருதிக்கு உருமி மேளம். உருமியின் இழுவையில் ஏற்ற இறக்கம் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வெறும் 'தும் தும்' என்று ஒரே குரலில் அடித்தால் கீழ்ச்சுருதி கொழகொழத்துவிட்டது என்று பொருள். யோகி பி-யும் நட்சத்ராவும் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பும் இதற்கு உதவும். தாளத்தின் அழுத்தத்துக்கு நடுவே சொல் விழுங்கப்படுகிறதா என்று பார்க்கலாம்.

நடுச்சுருதிக்குக் குரல். எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் பாட்டு ஒன்று, எஸ்.ஜானகியின் பாட்டு ஒன்று. இரு குரலும் இயல்பாக, ஒரே தூரத்தில் நிற்பதுபோல் இருக்க வேண்டும். மேல்சுருதிக்கு ச, ஸ, ஷ ஒலிகள். அவை 'ஸ்ஸ்' என்று சீறினால் அந்தக் கருவி நீண்ட நேரத்துக்கு ஆகாது. மிருதங்கத்தில் வலந்தலையின் கூர்மையும் தொப்பியின் ஆழமும் ஒன்றையொன்று மறைக்காமல் கேட்டால் சமன் நன்று.

ஒப்பிடும்போது மூன்று விதிகளை மறக்கக் கூடாது. முதலாவது, இரண்டு கருவிகளையும் ஒரே ஒலியளவில் வைக்க வேண்டும். சற்றே உரக்கப் பாடுவதுதான் எப்போதும் 'நல்லதாக'த் தோன்றும். இரண்டாவது, ஒரே பாட்டின் ஒரே பகுதியை மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். மூன்றாவது, விலையை மறந்துவிட வேண்டும். வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, எது எது என்று சொல்லாமல் மாற்றித் தரச் சொன்னால் உண்மை வெளிப்படும்.

ரப்பர் முனையில் இருக்கிறது பாதி ஒலி

'பேஸ் இல்லை' என்று குறைப்பட்டு மூலையில் போடப்படும் இயர்போன்கள் பலவற்றில் குறை கருவியில் இல்லை, முனையில்தான். காதுத் துளை சரியாக அடைபடாவிட்டால் கீழ்ச்சுருதி வெளியே கசிந்துவிடும். பெட்டியில் வரும் சிறியது, நடுத்தரம், பெரியது மூன்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வேறு அளவு தேவைப்படலாம், அதில் தவறில்லை.

சரியாக அடைபட்டால் இன்னொரு நன்மை: வெளி இரைச்சல் குறையும். பேருந்து இரைச்சலை வெல்ல ஒலியை ஏற்ற வேண்டியிராது.

பெட்டியில் உள்ள எழுத்தை எவ்வளவு நம்பலாம்?

'20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்பது எல்லாப் பெட்டியிலும் இருக்கும். எந்த அளவு ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அதற்குப் பொருளில்லை. இயக்கிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். ஒன்று நன்றாகச் சுருதி கூட்டப்பட்டால், கூட்டப்படாத ஐந்தைவிட மேல். பசார் மாலாமில் பெரிய நிறுவனத்தின் பெயரோடு பத்து வெள்ளிக்குக் கிடைப்பதைப் போலி என்றே கொள்ளலாம்.

கம்பியா, புளூடூத்தா? ஒரே விலையில் கம்பி இயர்போனின் ஒலியே பொதுவாக மேல். புளூடூத்தில் பணத்தின் ஒரு பகுதி மின்கலத்துக்கும் சில்லுக்கும் போய்விடுகிறது. சில ஆண்டுகளில் மின்கலமும் தளர்ந்துவிடும். புளூடூத் வாங்குவதாக இருந்தால், எம்சிஎம்சி சான்று முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும். கைப்பேசியில் உள்ள எப்.எம். வானொலிக்குக் கம்பி இயர்போன்தான் அலைவாங்கி. தரவு செலவில்லாமல் வானொலி கேட்பவருக்குக் கம்பியே உதவும்.

புதிய கைப்பேசிகள் பலவற்றில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லை. யூஎஸ்பி-சி இணைப்பி வாங்கும்போது, ஒலியை மாற்றும் சில்லு உள்ளே இருப்பதையே கேட்டு வாங்க வேண்டும். சில்லு இல்லாத மலிவு இணைப்பி பல கைப்பேசிகளில் வேலை செய்யாது.

காது போனால் திரும்பாது

எவ்வளவு நல்ல இயர்போனும் அளவு மீறினால் கேடுதான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்திற்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 90 டெசிபலில் வாரத்திற்கு 4 மணி நேரம்தான். உட்காதில் உள்ள நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களுக்கு இது இரட்டைச் சுமை. 2019-ஆம் ஆண்டின் மலேசிய வேலையிட இரைச்சல் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. புல்வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலை அமுக்கப் பாட்டை உரக்க வைப்பது, ஒரு கேட்டின்மேல் இன்னொரு கேட்டை ஏற்றுவதாகும். இயர்போன் காதுக் கவசம் ஆகாது. வேலை முடிந்தபின் காதில் இரைச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகும்போது இரு காதையும் அடைப்பது, பின்னால் வரும் லோரியின் ஒலிப்பானை அடைப்பதற்குச் சமம்.

வாங்குமுன்

ஜொகூர் பாருவில் ஹாலிடே பிளாசா போன்ற இடங்களில் கைப்பேசிக் கடைகள் நிறைய உண்டு. கேட்டுப் பார்க்க விடும் கடையே நல்ல கடை. இணையத்தில் வாங்குவோர், வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உள்ளதை விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். விற்பனையாளர் உத்தரவாதம் தருகிறாரா என்பதைப் பார்த்து, ரசீதைப் பாதுகாக்க வேண்டும். பழுதான பொருளை மாற்றித் தர உள்நாட்டு விற்பனையாளர் மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் புகார் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால்: பாட்டின் குரலுக்கு மூன்ட்ராப் சூ 2, இசை நுணுக்கத்துக்குச் சால்நோட்ஸ் ஜீரோ, உருமிக்கும் புதுப்பாடலுக்கும் ஜீரோ 2, நீண்ட நேரப் பாடம் கேட்க வான்எர், கையில் ஐம்பது வெள்ளிதான் என்றால் இடிஎக்ஸ் புரோ. எதை வாங்கினாலும் ஒலியளவைப் பாதிக்கு மேல் ஏற்றாமல் கேட்டுப் பழகினால், இயர்போன் தேய்ந்த பிறகும் காது இருக்கும்.