கடவுளின் சாயலும் செயற்கை நுண்ணறிவும்

மனிதர் ஒவ்வொருவரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. இலத்தீனில் இதை 'இமாகோ தேயி' என்பர். விவிலியத்தின் முதல் நூலில் 1:26–27 வசனங்கள் இதற்கு ஆதாரம். அந்நூலைக் கத்தோலிக்கர் தொடக்கநூல் என்றும் சீர்திருத்தச் சபையினர் ஆதியாகமம் என்றும் வழங்குவர். எந்திரம் எழுதவும் உரையாடவும் தொடங்கிவிட்ட காலத்தில், மனிதருக்கே உரியது எது என்ற கேள்விக்குக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள் தரும் விடைகள் பெரும்பாலும் இந்தக் கோட்பாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

எபிரேய மூலத்தில் உள்ள இரு சொற்கள் ட்செலெம், தெமூத். முன்னது சிலையையும் குறிக்கும். இரு சபையாரின் தமிழ் விவிலியங்களிலும் 'சாயல்' என்ற சொல் இடம்பெறுகிறது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து 'அப்பன் சாயல்' என்கிறோமே, அதே சொல். அதே நூலின் 5:3இல் ஆதாமுக்குச் சேத் பிறந்ததைச் சொல்லும்போதும் அந்த எபிரேயச் சொற்களே வருகின்றன. பிள்ளை எதையும் செய்து காட்டி அந்தச் சாயலைப் பெறுவதில்லை.

ஆனால் மேற்கத்திய இறையியல் நெடுங்காலம் வேறு பாதையில் நடந்தது. அகுஸ்தீன் இறைச்சாயலை நினைவு, அறிவு, விருப்புறுதி ஆகியவை கொண்ட மனத்தில் கண்டார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாசும் அறிவாற்றலையே முதன்மைப்படுத்தினார். 20ஆம் நூற்றாண்டில் விவிலிய அறிஞர் கெர்ஹார்ட் ஃபான் ராட், பண்டைய அரசர்கள் தாங்கள் நேரில் இல்லாத நாடுகளில் தங்கள் சிலையை நிறுவியதை எடுத்துக்காட்டி, சாயல் என்பது உலகில் கடவுளின் பிரதிநிதியாக இருக்கும் பொறுப்பு என்றார். இறையியலாளர் கார்ல் பார்த், கடவுளோடும் சக மனிதரோடும் நேர்முகமாக நிற்கும் உறவே சாயல் என்றார். கணினியியலும் இறையியலும் கற்ற நோரீன் ஹெர்ஸ்ஃபெல்ட் 2002இல் வெளியிட்ட நூலில், செயற்கை நுண்ணறிவு ஆய்வின் போக்குகளை இந்த மூன்று விளக்கங்களோடும் ஒப்பிட்டு, உறவு என்ற விளக்கத்தின் பக்கம் நின்றார்.

எந்திரத்தின் வளர்ச்சி பெரிதும் அசைப்பது முதல் விளக்கத்தைத்தான். கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் 1950இல் எழுதிய கட்டுரையில், எந்திரம் சிந்திக்காது என்போரின் ஒன்பது மறுப்புகளை எடுத்துக்கொண்டார். அவற்றில் முதலாவது இறையியல் மறுப்பு. ஆன்மா தருவது கடவுளின் செயல் என்றால், எந்திரத்துக்கு அதைத் தரக்கூடாது என்று அவரைத் தடுப்பது யார் என்று டூரிங் கேட்டார். சிந்தனையையே மனித மேன்மையின் ஒரே அடையாளமாகக் கொண்டவர்களுக்கு இன்றும் அது எளிதில் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல.

அந்த அளவுகோலில் அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அறிவுத்திறனே மனித மதிப்பு என்றால், பேச்சு வராத கைக்குழந்தையும், அறிவுசார் மாற்றுத்திறன் கொண்டவரும், பெற்ற மகளின் பெயரையே மறந்துபோன முதியவரும் மதிப்பில் குறைந்தவர்களாகிவிடுவார்கள். கிறிஸ்தவப் பார்வையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது: மாண்பு கொடுக்கப்படுவது, ஈட்டப்படுவதல்ல. வத்திக்கானின் இரு திருப்பீடத் துறைகள் இணைந்து 2025 ஜனவரி 28இல், தாமஸ் அக்குவினாசின் திருநாளன்று, வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' ஆவணம், பிறவாத குழந்தையையும் நினைவிழந்தவரையும் துன்புறும் முதியவரையும் சுட்டி இதையே வலியுறுத்துகிறது. 117 பத்திகள் கொண்ட அந்த ஆவணம், செயற்கை நுண்ணறிவை மனித அறிவின் இன்னொரு வடிவமாகக் கொள்ளாமல் அதன் விளைபொருளாகவே கொள்ள வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் இவாஞ்சலிக்கல் தலைவர்கள் செயற்கை நுண்ணறிவு குறித்து 2019 ஏப்ரலில் வெளியிட்ட 12 கூறுகள் கொண்ட அறிக்கையும், இறைச்சாயல் மனிதருக்கு மட்டுமே உரியது என்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

உடலுக்கு இதில் பெரும் இடம் உண்டு. வாக்கு மனிதரானார் என்று நம்பும் சமயத்தில் பசி, களைப்பு, தொடுகை, மரணம் எல்லாமே அறிவின் பகுதி. உடலற்ற கணிப்பு எவ்வளவு நுட்பமாயினும் அந்த அனுபவம் அதற்கு இல்லை. மாற்றுக் குரலும் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் காக், கிஸ்மத் ரோபோ ஆய்வுகளோடு தொடர்புகொண்டிருந்த லூத்தரன் இறையியலாளர் ஆன் ஃபோர்ஸ்ட், நாம் உறவு கொண்டாடும் ரோபோக்களையும் ஒரு நாள் 'ஆள்' என்று ஏற்க நேரலாம் என்று வாதிட்டார்.

கோட்பாடு நடைமுறையைத் தொடும் இடங்கள் போரும் உழைப்பும். திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் 14இல் இத்தாலியின் பூலியாவில் நடந்த ஜி7 மாநாட்டில், மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த எந்திரமும் எடுக்கக் கூடாது என்றார். ஜி7 மாநாட்டில் உரையாற்றிய முதல் திருத்தந்தை அவரே. அவருக்குப் பின் வந்த பதினான்காம் லியோ, 2025 மே மாதம் தம் பெயரின் காரணத்தை விளக்கியபோது, தொழிலாளர் உரிமை குறித்து 1891இல் 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்து, இன்றைய தொழிற்புரட்சியாகச் செயற்கை நுண்ணறிவைக் குறிப்பிட்டார்.

சிலை வழிபாடு பற்றிய எச்சரிக்கையும் பழையதுதான். திருப்பாடல் 115 குறிப்பிடும் சிலைகளுக்கு வாய் உண்டு, பேச்சு இல்லை. செயற்கை நுண்ணறிவோ பேசுகிறது, அல்லது பேசுவது போலத் தோன்றுகிறது. பழைய சிலைகளைவிட இது மனிதரை எளிதில் மயக்கக்கூடும் என்று 2025 ஆவணம் குறிப்பிடுகிறது.