பெமிக்கன்: ஒரு தோல் மூட்டைக்காக மூண்ட சண்டை

மலையேறப் போறவங்க பை கட்டும்போது திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எதை எடுத்துட்டுப் போனா எடை குறைவு, தெம்பு அதிகம்? கணக்கு எளிது. 100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 130 கலோரி. எடையில் பெரும்பகுதி தண்ணீர். அதே 100 கிராம் வேர்க்கடலையில் 560-க்கு மேல். சுத்தமான கொழுப்பில் 900. ஆக, தண்ணியை வெளியேத்தணும், கொழுப்பைச் சேர்க்கணும். அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைக் கலோரி என்ற சொல்லே பிறக்காத காலத்தில் போட்டு முடித்தவர்கள் வட அமெரிக்கப் புல்வெளிகளின் ஆதிக்குடிகள். அவர்கள் கண்டுபிடித்த உணவின் பெயர் பெமிக்கன். கிரீ மொழியிலிருந்து வந்த பெயர். அந்த மொழியில் 'பிமீ' என்றால் கொழுப்பு.

செய்முறையைக் கேளுங்க. பைசன் என்கிற காட்டெருமையின் இறைச்சியை மெல்லிய பட்டைகளாக அறுத்து, வெயிலிலோ மெதுவான தீயின் மேலோ காயவைப்பார்கள். நம்ம ஊர் உப்புக்கண்டம் மாதிரிதான், ஆனா இதில் உப்பு கிடையாது. நொறுங்குகிற பதம் வந்ததும் கல்லால் இடித்துத் தூளாக்கி, பைசன் தோலில் தைத்த பையில் கொட்டி, உருக்கிய கொழுப்பை மேலே ஊற்றிக் கிளறுவார்கள். கிடைத்தால் காட்டுப் பழங்களும் சேரும். வாயைத் தைத்து, தையலைக் கொழுப்பால் அடைத்துவிட்டால் காற்று புகாது, வருடக்கணக்கில் கெடாது. ஒரு மூட்டை ஏறத்தாழ 40 கிலோ. கொழுப்பும் இறைச்சியும் சரிபாதி என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு ஆறு கலோரிக்கு மேல் வருகிறது. இன்றைக்கு நீங்க பையில் போடுகிற எனர்ஜி பார் பெரும்பாலும் இதைத் தொடாது.

அறுப்பது, காயவைப்பது, இடிப்பது, தைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலை. வழியில் சமைக்க வேண்டிய உழைப்பு முழுவதையும் யாரோ முன்கூட்டியே செய்து மூட்டைக்குள் வைத்துவிட்டார்கள். பயணம் போனவன் பிரித்து அப்படியே தின்னலாம், நேரமிருந்தால் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கலாம்.

இதன் அருமை ஐரோப்பிய ரோம வியாபாரிகளுக்குச் சீக்கிரமே புரிந்தது. ஐரோப்பாவில் பீவர் ரோமத்தில் செய்த தொப்பிக்கு அவ்வளவு கிராக்கி. மான்ட்ரியலைச் சேர்ந்த நார்த் வெஸ்ட் கம்பெனி அந்தத் தோலைத் தேடி, மரப்பட்டைப் படகுகளில் ஆளனுப்பி கண்டத்தின் வடமேற்கு மூலை வரை போனது. அங்கே ஆறுகள் உறையாமல் இருப்பது வருடத்தில் சில மாதங்கள்தான். வேட்டையாட நின்றால் பனி முந்திக்கொள்ளும். படகு போகாத இடங்களில் படகையும் சரக்கையும் தோளில் தூக்கி நடக்க வேண்டும். ஓர் ஆள் ஒரு நடைக்கு 40 கிலோ மூட்டை இரண்டைச் சுமப்பது சாதாரணம். சாப்பாட்டுக்காக ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவும் விற்பனைச் சரக்கில் ஒரு கிலோ குறைவு. பெமிக்கன் இல்லாமல் அந்த வியாபாரமே இல்லை என்று சொன்னால் மிகையில்லை.

அதைப் பெரிய அளவில் தயாரித்து விற்றவர்களில் முக்கியமானவர்கள் மெட்டிஸ் மக்கள். ஐரோப்பிய வியாபாரிகளுக்கும் ஆதிக்குடிப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளின் வழியில் உருவான தனி இனம். இன்றைய வின்னிபெக் நகரம் இருக்கும் ரெட் ரிவர் பகுதி அவர்கள் வாழ்ந்த இடம்.

அங்கேதான் 1812-ல் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிகள் வந்து இறங்கினார்கள். அனுப்பியவர் செல்கிர்க் பிரபு. போட்டி நிறுவனமான ஹட்சன்ஸ் பே கம்பெனியின் பெரிய பங்குதாரர். வந்தவர்களுக்கு விளைச்சல் சரியாக இல்லை, குளிர்காலத்தைத் தாண்டியதே பைசன் இறைச்சியால்தான். 1814 ஜனவரி 8 அன்று ஆளுநர் மைல்ஸ் மெக்டோனல் ஓர் அறிவிப்பு போட்டார்: ஒரு வருடத்துக்கு இந்தப் பகுதியிலிருந்து எந்த உணவுப்பொருளும் வெளியே போகக்கூடாது. அடுத்து, நார்த் வெஸ்ட் கம்பெனியின் நூற்றுக்கணக்கான பெமிக்கன் மூட்டைகளை அவருடைய ஆட்கள் பறிமுதல் செய்தார்கள்.

பசித்த குடியேறிகளை நினைத்துப் பார்த்தால் மெக்டோனலின் பயம் நியாயமானதுதான். ஆனா அந்த உணவைச் செய்தது அவருடைய மக்கள் இல்லையே! நேற்று வந்து இறங்கியவர், தலைமுறையாக அங்கே இருப்பவர்களிடம் 'நீ செய்ததை நீ விற்காதே' என்கிறார். கூடவே, குதிரையில் பைசனைத் துரத்தி வேட்டையாடவும் தடை போட்டார். அதாவது, இருந்த ஒரே பிழைப்புக்கும் பூட்டு. எனக்கு அவருடைய இடத்தில் நின்று பார்க்க முடிகிறது, அந்த இரண்டாவது தடை வரைக்கும்.

மோதல் வளர்ந்தது. 1815-ல் மெக்டோனல் கைதாகி மான்ட்ரியலுக்குக் கொண்டுபோகப்பட்டார். 1816 வசந்தத்தில் கத்பர்ட் கிரான்ட் என்ற இளம் தலைவரின் கீழ் மெட்டிஸ் ஆட்கள், ஹட்சன்ஸ் பே கம்பெனியின் படகுகளிலிருந்த பெமிக்கனைப் பிடித்துக்கொண்டார்கள். ஜூன் 19 அன்று, தங்கள் பக்கத்துப் படகுகளுக்கு அதைக் கொண்டுசேர்க்க, குடியிருப்பின் கோட்டையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். புதிய ஆளுநர் ராபர்ட் செம்பிள் சில ஆட்களோடு வழிமறிக்கக் கிளம்பினார். செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் வாய்ச்சண்டை துப்பாக்கிச் சண்டையானது. கொஞ்ச நேரத்தில் செம்பிளையும் சேர்த்து அவர் பக்கம் 21 பேர் பிணம். மெட்டிஸ் பக்கம் ஒருவர்.

1821-ல் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாக இணைந்துவிட்டன. மெட்டிஸ் வேட்டை மட்டும் பெருகியது: 1840-ல் ஒரே வேட்டைக்கு 1,210 மாட்டுவண்டிகள், குதிரைவண்டிகள் கிளம்பின என்று உடன் போன அலெக்சாண்டர் ராஸ் எழுதிவைத்திருக்கிறார். இன்னும் 40 வருடத்தில் அந்தப் புல்வெளியில் பைசன் மந்தைகளே இல்லை. தோல் வியாபாரமும் கண்மண் தெரியாத வேட்டையும் அவற்றைத் தீர்த்துக்கட்டின. 1911-ல் ராபர்ட் ஸ்காட் தென் துருவத்துக்குப் புறப்பட்டபோது ஆளுக்குத் தினம் 340 கிராம் பெமிக்கன் எடுத்துப் போனார். அது தொழிற்சாலையில் மாட்டிறைச்சியில் செய்தது. கிரீ மொழிப் பெயர் மட்டும் அதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.