நரம்பணு மின்னழுத்தம்

நரம்பணு மின்னழுத்தம் என்பது நரம்பணு மென்படலத்தின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே நிலவும் மின்னழுத்த வேறுபாடு ஆகும். குறிகை எதுவும் கடத்தப்படாத நிலையில் உட்புறம் ஏறத்தாழ -70 மில்லிவோல்ட்டு அளவில் இருக்கும். இது ஓய்வுநிலை மின்னழுத்தம் எனப்படும்.

ஓய்வுநிலை

மென்படலத்திலுள்ள சோடியம்-பொட்டாசியம் எக்கி, ஓர் ஏ.டி.பி. மூலக்கூற்றின் ஆற்றலைக் கொண்டு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உட்செலுத்துகிறது. எனினும் ஓய்வுநிலை மின்னழுத்தத்தில் எக்கியின் நேரடிப் பங்கு சிறிதே. உள்ளே செறிந்துள்ள பொட்டாசியம், திறந்திருக்கும் கால்வாய்கள் வழியே வெளியே கசிவதால் உட்புறத்தில் எதிர்மின்னேற்றம் எஞ்சுகிறது. இக்கசிவுக்குத் தேவையான செறிவு வேறுபாட்டை எக்கி பேணுகிறது.

செயல்நிலை

தூண்டலால் மின்னழுத்தம் ஏறத்தாழ -55 மில்லிவோல்ட்டை எட்டினால், சோடியம் கால்வாய்கள் பெருமளவில் திறக்கின்றன. சோடியம் உட்பாய்வதால் மின்னழுத்தம் +30 மில்லிவோல்ட்டு அளவுக்கு உயர்கிறது. ஓரிரு மில்லிநொடிகளில் அக்கால்வாய்கள் அடைபட, பொட்டாசியம் வெளியேறி ஓய்வுநிலை மீள்கிறது. இம்மாற்றமே செயல்நிலை மின்னழுத்தம் ஆகும். ஒரு குறிகையின்போது இடம்பெயரும் அயனிகள் மிகச் சிலவே. ஆதலால் தடித்த நரம்பிழைகளில் எக்கி நின்ற பின்னரும் குறிகைகள் சிறிது நேரம் தொடரும்.

ஆய்வு

ஆலன் ஹொட்ச்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி ஆகியோர் கணவாயின் தடித்த நரம்பிழையை ஆராய்ந்து, இந்நிகழ்வை விளக்கும் சமன்பாடுகளை 1952இல் வெளியிட்டனர். 1963இல் ஜோன் எக்கில்சுடன் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நஞ்சும் மருந்தும்

பேத்தை மீன்களில் காணப்படும் டெட்ரோடோடாக்சின் நஞ்சு சோடியம் கால்வாய்களை அடைப்பதால், மூச்சுத்தசைகள் செயலிழந்து இறப்பு நேரலாம். பல் மருத்துவத்தில் பயன்படும் லிடோகெய்ன் என்னும் மருந்தும் சோடியம் கால்வாய்களையே அடைக்கிறது. ஆனால் ஊசியிட்ட இடத்தில் மட்டும், தற்காலிகமாக அடைப்பதால் வலி மறைகிறது.