காசாபிளாங்கா காட்டும் வரலாறு



பழைய ஹாலிவுட் படங்களைக் காண்போர் நாயகனையும் நாயகியையும் கண்டு மகிழ்கின்றனர். அவர்களுக்குப் பின்னே நிற்போரின் முகங்களை நோக்குவதில்லை. அம்முகங்களும் ஒரு காலத்தின் வரலாற்றைக் கூற வல்லவை. 1942-ஆம் ஆண்டில் வார்னர் சகோதரர்கள் நிறுவனம் எடுத்த ‘காசாபிளாங்கா’ இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாளில் ஹாலிவுட்டில் படம் எடுத்தல் ஓர் ஆலைத்தொழில் போலவே நடைபெற்றது. எழுத்தாளர், நடிகர், இசையமைப்பாளர், தச்சர் ஆகிய பலரும் ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு உழைத்தனர். ஒரு நிறுவனத்தின் நடிகரை மற்றொரு நிறுவனம் இரவலாகப் பெறுவதும் உண்டு. இப்படத்தின் நாயகி இங்கிரிட் பெர்க்மன் அவ்வாறு வந்தவரே. கதை நிகழ்வதோ மொராக்கோ நாட்டில். படப்பிடிப்பு நிகழ்ந்ததோ கலிபோர்னியாவில்.

1933-இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றிய பின், ஐரோப்பியக் கலைஞர் பலர் நாடு துறந்து ஹாலிவுட்டை அடைந்தனர். அகதிகளின் துயரைக் கூறும் இப்படத்தில் அத்தகையோர் பலர் நடித்தனர். படத்தில் பெயர் குறிக்கப்பெற்ற நடிகருள் மூவரே அமெரிக்காவில் பிறந்தவர்கள்.

நாஜி அதிகாரியாக நடித்த கான்ராட் வைட் பெர்லினில் பிறந்தவர். நாஜிகளை வெறுத்து 1933-இல் தாயகத்தை விட்டு வெளியேறியவர். தம்மை விரட்டிய கொடுமையின் உருவத்தையே அவர் திரையில் ஏற்க நேர்ந்தது! மார்செல் தாலியோ 1930-களில் பிரெஞ்சுத் திரையுலகில் புகழுடன் விளங்கியவர். 1940-இல் அவரும் அவர் மனைவி மதலேன் லெபோவும் பிரான்சிலிருந்து தப்பினர். இப்படத்தில் அவருக்குக் கிடைத்தது, சூதாட்டச் சக்கரத்தைச் சுழற்றும் ஊழியனின் சிறு வேடமே. ஹாலிவுட் அகதிகளுக்கு வாழ்வளித்தது. அவர்களது தகுதிக்குரிய இடத்தை எல்லோருக்கும் அளித்துவிடவில்லை. இவ்விரண்டையும் நாம் மறத்தலாகாது.

படத்தில் ஒரு காட்சி. மதுவிடுதியில் ஜெர்மானிய அதிகாரிகள் தங்கள் நாட்டுப் பாடலை உரக்கப் பாடுகின்றனர். அதைக் கேட்டு விக்டர் லாஸ்லோ என்னும் விடுதலை வீரன் பிரெஞ்சு நாட்டுப் பண்ணைத் தொடங்க, விடுதியில் உள்ளோர் எழுந்து உடன் பாடுகின்றனர். ஜெர்மானியரின் குரல் அதில் அமிழ்ந்து போகின்றது. கண்களில் நீர் மல்கப் பாடும் இளம்பெண்ணே மதலேன் லெபோ. அக்காட்சி படமாக்கப்பட்டபோது அவருடைய தாய்நாடு பகைவர் வசம் இருந்தது. அக்கண்ணீரை வெறும் நடிப்பென்று கூற என் உள்ளம் ஒப்பவில்லை.

1943-ஆம் ஆண்டின் சிறந்த படத்திற்குரிய ஆஸ்கார் பரிசு இப்படத்திற்குக் கிடைத்தது. நிறுவனங்கள் திரையரங்குகளையும் தம் கையில் வைத்திருந்த முறைக்கு எதிராக 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய ஆலைமுறை அதன்பின் படிப்படியாகத் தளர்ந்தது. படங்களோ எஞ்சி நிற்கின்றன. அவற்றைக் காணும்போது, பின்வரிசையில் நிற்பவர் யார், எங்கிருந்து வந்தார் என்று வினவுங்கள். வரலாற்றுப் பாடம் அவ்வினாவிலிருந்து தொடங்கும்.