எல்லைப்புறத் தமிழாய்வும் கட்டணமிலாத் தரவுத்தளங்களும்: பாலக்காடு, இடுக்கிப் பகுதிகளை முன்வைத்து

முன்னுரை

ஓர் ஆய்வுரை அறிஞரைச் சென்றடைய அதன் உள்ளடக்கம் மட்டும் போதாது. ஆசிரியர், தலைப்பு, மொழி, பொருள், இடம் ஆகியவற்றைச் சுட்டும் விவரக்குறிப்பும் செம்மையாக அமைதல் வேண்டும். மீத்தரவு எனப்படும் இக்குறிப்பு, கட்டணமின்றிப் பயன்படும் தரவுத்தளங்களில் அமையும் முறையைப் பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதிகளை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

அச்சுக்காலப் பதிவுகள்

1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம், பிரித்தானிய இந்தியாவில் அச்சான நூல்களைக் காலாண்டுப் பட்டியலாகப் பதியச் செய்தது. பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதனை அடுத்த சித்தூர் கொச்சி அரசிலும், தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர் அரசிலும் அடங்கியிருந்தன. ஆகவே, தமிழ் வழங்கிய இவ்வூர்களுள் ஒன்று அச்சட்டத்தின் எல்லைக்குள்ளும் ஏனையவை வெளியேயும் நின்றன. 1956 நவம்பர் 1இல் இவை யாவும் கேரள மாநிலத்துள் அமைந்தன. 1957இல் பாலக்காடு மாவட்டமும் 1972இல் இடுக்கி மாவட்டமும் உருவாயின. எனவே, இன்றைய மாவட்டப் பெயரை மட்டும் தேடுசொல்லாகக் கொள்வார்க்குத் தேவிகுளம் பற்றிய முந்தைய எழுத்துகள் எளிதில் அகப்படா.

தரவுத்தளங்களின் வேறுபாடு

2004இல் தோன்றிய கூகுள் ஸ்காலர், விவரங்களைத் தானியங்கி முறையில் திரட்டுகிறது. அதன் பரப்பு பெரிது, பிழைக்கும் இடமுண்டு. 2003இல் தொடங்கிய திறந்த அணுக்க இதழ்களின் அடைவு, இதழ்களை மதிப்பிட்டே சேர்க்கிறது; எனினும் கட்டுரை விவரங்களை இதழாளரே அளிக்கின்றனர். கிராஸ்ரெஃப் பதிப்பாளர் தருவதைப் பதிகிறது. 2022இல் வெளிவந்த ஓப்பன்அலெக்ஸ், கிராஸ்ரெஃப் முதலியவற்றிலிருந்து தரவு பெறுதலின் மூலத்தின் குறை அங்கும் தொடர்கிறது. இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்காவில் ஆய்வேடுகளைப் பல்கலைக்கழகங்களே பதிவேற்றுகின்றன. செம்மை அவ்வந்நிறுவனத்தின் கவனத்தைப் பொறுத்தது.

தமிழுக்குரிய இடர்கள்

கிராஸ்ரெஃப் அமைப்பில் தனிநபர் ஆசிரியர்க்குக் குடும்பப்பெயர் கட்டாயமாகும். தலைப்பெழுத்து மரபுடைய தமிழர்க்கு அஃது இன்மையால், தந்தை பெயர் ஓரிடத்தும் இயற்பெயர் பிறிதோரிடத்தும் அவ்விடத்தை நிரப்புகின்றன. ஒருவரே இருவராகத் தோன்றுகிறார். ஊர்ப்பெயரும் இவ்வாறே. 'பாலக்காடு' வேற்றுமை ஏற்கையில் 'பாலக்காட்டு' எனத் திரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் இரண்டும் வெவ்வேறு சொற்களே. ஆங்கில வழக்கான 'பால்காட்' மூன்றாவதாகிறது. டப்ளின் கோர் அமைப்பின் 15 கூறுகளுள் மொழியும் இடப்பரப்பும் தனித்தனியே உள்ளன. இடம் கேரளம் என்பதனால் மொழி மலையாளம் என ஊகித்துப் பதிந்தால் அந்நூல் தமிழ்த் தேடலிலிருந்தே மறையும்.

முடிவுரை

எனவே, எத்தரவுத்தளமும் தனித்து நிறைவுடையதன்று. பரப்பில் மிக்கது செம்மையிலும் மிக்கதாதல் வேண்டுவதில்லை. ஊரின் பழைய, புதிய பெயர்களைத் தமிழிலும் உரோமன் எழுத்திலும் தருதல், ஆசிரியர் பெயரை ஒரே வடிவில் பேணுதல், மொழியைத் தனியே குறித்தல் ஆகியன பதிப்பிக்கும் துறைகளின் கடமையாகும். அன்று ஆட்சியெல்லை விலக்கியதை இன்று கவனக்குறைவு விலக்குமாயின், எல்லைப்புறத் தமிழர் வரலாறு எழுதப்பட்டும் படிக்கப்படாததாகவே நின்றுவிடும்.