தேயிலைப் பெட்டியும் வானொலிப் பெட்டியும்

கொழும்பிலிருந்து களனி கங்கையைக் கடந்து வடக்கே செல்வோர் முதலிற் காணும் ஊர்களுள் ஒன்று வத்தளை. மேற்கே கடல், வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு நிலம், இடையே ஊரை ஊடறுத்துச் செல்லும் பழைய கால்வாய். இவ்வூர்க் காற்றில் ஈரம் குறைந்த நாள் மிகச் சில. பகலில் 70 வீதத்தை அண்டி நிற்கும் ஈரப்பதன், இரவில் 90 வீதம் வரை ஏறிவிடும். உப்புச் சாடியில் நீர் கசிவதும், தீப்பெட்டி நமுத்துப் போவதும், புத்தக அட்டையிற் பூஞ்சணம் படர்வதும் இங்கு எவருக்கும் புதுமையல்ல. இத்தகைய காற்றின் நடுவே, இதே நெடுஞ்சாலைக்கு அப்பால் ஜா-எலவை அடுத்த ஏக்கலையிலே, 1946 ஆம் ஆண்டில் 100 கிலோவாற்று வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பி எழுந்தது. நுண்ணிய மின்கருவிகளை ஈரத்திலிருந்து காப்பது எவ்வாறு என்ற வினா, இந்நாட்டுக்கு அன்றே வந்து சேர்ந்துவிட்டது.

உண்மையில் அதற்கும் முன்பே, வேறொரு பொருளின் வடிவில், அவ்வினா வந்திருந்தது. அப்பொருள் தேயிலை. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் தொடங்கிய பயிர், 1873 இல் 23 இறாத்தல் அளவில் இலண்டனுக்குச் சென்றது. சூளையிலிருந்து வெளிவரும் தேயிலையில் எஞ்சியிருக்கும் ஈரம் நூற்றுக்கு மூன்று வீதம் அளவே. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தைத் தாகத்தோடு குடிக்கும். குடித்தபின் மணமும் குணமும் கெடும். கப்பற் பயணமோ வாரக்கணக்கானது. ஆகவே மரப்பெட்டியின் உள்ளே மெல்லிய ஈயத் தகட்டை விரித்து, தேயிலையை நிரப்பி, தகட்டின் விளிம்புகளைப் பற்றாசு வைத்து ஒட்டி மூடினர். சீனர் தமது தேயிலைக்குக் கையாண்ட முறையே இது. பின்னர் ஈயத்தின் இடத்தை அலுமினியத் தாள் பெற்றது. மரமும் மாறியது. போல்டிக் நாடுகளின் ஒட்டுப்பலகைப் பெட்டிகள் ஏராளமாக இறக்குமதியாயின. இரண்டாம் உலகப் போரிலே அவ்வரத்து நின்றுபோக, காலிக்கு அண்மையில் உள்ள கிந்தோட்டையில் அரசாங்கமே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றை நிறுவ நேர்ந்தது. வெறும் பெட்டிதானே என்று அதனை இகழ்வதற்கில்லை. பெட்டியில்லையேல் ஏற்றுமதியில்லை.

கொழும்பில் வானொலி 1925 டிசெம்பரிலே முறையாகத் தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் பாகங்களைக் கொண்டு முதல் ஒலிபரப்பியை அமைத்தார் என்பது நேயர் பலரும் அறிந்த வரலாறு. அக்கால வானொலிப் பெட்டியில் ஈரம் எதனைத் தாக்கியது? ஒளிவிடும் வால்வுகளை அன்று. அவை கண்ணாடிக் குமிழுக்குள் வெற்றிடத்தில் முத்திரையிடப்பட்டவை. அவற்றின் உறையே அவற்றுக்குக் காப்பு. கெட்டவை தாளாற் செய்த ஒடுக்கிகளும், பருத்தி நூலும் தாளும் சுற்றிய கம்பிச் சுருள்களுமே. மெழுகில் தோய்த்த தாளினுள் ஈரம் மெல்ல நுழைந்ததும் மின் கசிந்தது, கம்பியிற் களிம்பேறியது, பாட்டு நடுவே இரைச்சல் எழுந்தது.

வீட்டில் இரைச்சலாக இருந்த குற்றம், போர்க்களத்தில் உயிர்ச்சேதமாயிற்று. தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகம் 1944 இல் கண்டிக்கு மாறியது. பர்மாக் காடுகளில் மழைக்காலத்திலும் போர் நடந்தது. குளிர்நாட்டிற் செய்து சாதாரண அட்டையிற் பொதிந்து அனுப்பிய கருவிகள், உபயோகிக்கப்படுமுன்னரே பழுதாயின. அந்த அனுபவத்திலிருந்துதான், பாகங்களுக்குப் பூஞ்சணம் தடுக்கும் மெருகு பூசுவதும், அவற்றை ஈரம் புகா உறையிலிட்டு ஈரம் உறிஞ்சும் பொருளோடு மூடுவதும் வழக்கமாயின.

அவ்வுறிஞ்சும் பொருள்களுள் தலைமையானது சிலிக்கா ஜெல். அமெரிக்க இரசாயன அறிஞர் வால்டர் பற்றிக் அதன் செய்முறைக்கு 1919 இல் உரிமைப் பத்திரம் பெற்றார். பெயரிற் கூழ் எனினும் அது வறண்ட மணியே. மணி முழுதும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். உப்புச் சாடியில் நாலு அரிசியைப் போட்டுவைக்கும் பாட்டிமார் இதன் தத்துவத்தை உடனே விளங்கிக்கொள்வர். கோபால்ட் உப்புச் சேர்த்தால் வறண்டபோது நீலமாகவும் நனைந்தபோது இளஞ்சிவப்பாகவும் மாறித் தன் நிலையைத் தானே சொல்லும்.

போருக்குப் பின் வால்வு போய்த் திரான்சிஸ்டர் வந்தது. அதன்பின் ஒருங்கிணைந்த சுற்றுச் சில்லு வந்தது. தொடக்கத்தில் உலோகத்திலும் பீங்கானிலும் அடைபட்டிருந்த சில்லு, மலிவு கருதிப் பிளாஸ்ரிக் உறைக்குள் வார்க்கப்பட்டது. இங்கேதான் பழைய பகை புது வழியில் நுழைந்தது. பிளாஸ்ரிக் பார்வைக்கு இறுகியதாயினும் நீராவியைச் சிறிது சிறிதாக உள்வாங்கும். முன்னர் சில்லின் கால்களை மட்டுமே சூடாக்கிப் பற்றவைத்தனர். 1980களிற் பரவிய முறையிலோ, பலகையின் மேற்பரப்பில் சில்லை வைத்து, பலகையோடு முழுவதையும் 200 பாகைக்கு மேற்பட்ட சூட்டிற் செலுத்துகின்றனர். உள்ளே ஒளிந்த ஈரம் கணத்தில் ஆவியாகி, உறையைப் பிளக்கிறது. சோளம் பொரிவது போன்ற இந்நிகழ்ச்சிக்குத் தொழிலாளர் இட்ட பெயரும் சோளப்பொரி என்பதே. சில வேளை வெடிப்பு வெளியே தெரியாது; கருவி விற்பனையாகிப் பல மாதங்கள் சென்றபின் செயலிழக்கும். பற்றாசிலிருந்து ஈயத்தை நீக்கியபின் சூடு 260 பாகை வரை உயர்ந்து, ஆபத்து மேலும் கூடியது. தேயிலையைக் காத்த ஈயம் தேயிலைப் பெட்டியிலிருந்தும் விலகியது, பற்றாசிலிருந்தும் விலகியது!

இதற்குக் கண்ட பரிகாரம் தேயிலைப் பெட்டியின் தம்பியே எனலாம். சில்லுகளை முதலிற் சூளையில் உலர்த்துவர். அலுமினியப் படலம் சேர்ந்த வெள்ளி நிறப் பையிலிட்டு, உறிஞ்சும் பொதியும் நிறங்காட்டும் அட்டையும் வைத்து, வாயைச் சூட்டால் ஒட்டுவர். வெறும் பிளாஸ்ரிக் பை போதாது. ஆவியைத் தடுப்பது உலோகமே. பையைத் திறந்தபின் எத்தனை மணிநேரத்துள் பற்றவைக்க வேண்டும் என்பதும் அதன்மேல் எழுதப்பட்டிருக்கும். பலவகைச் சில்லுகளுக்கு அது 168 மணிநேரம், அதாவது ஒரு கிழமை. ஆனால் அக்கணக்கு 30 பாகைக்கும் 60 வீத ஈரப்பதனுக்கும் மேற்படாத அறைக்கே உரியது. வத்தளையில் சன்னலைத் திறந்துவைத்த அறைக்கு அது பொருந்தாது.

இத்தொழில் இந்நாட்டில் வேரூன்றியிருக்கக்கூடிய காலமும் ஒன்று இருந்தது. கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயம் 1978 இல் திறக்கப்பட்டபின், மோட்டரோலா, ஹாரிஸ் என்னும் இரு அமெரிக்கக் கம்பனிகள் இங்கே சில்லுத் தொழிற்சாலைகள் அமைக்க முன்வந்தன. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் எரிந்தன. அதன்பின் அவ்விரு கம்பனிகளும் திட்டத்தைக் கைவிட்டன. வீடிழந்தோரின் துயரத்துக்கு முன் தொழிற்சாலைக் கணக்குச் சிறிதே. ஆயினும் அதுவும் அந்நாட்களின் இழப்புகளுள் ஒன்று.

இன்று சில்லுகள் வெள்ளிப் பைகளில் கடல் கடந்து வருகின்றன. புறக்கோட்டையில் உதிரியாக வாங்கிய சில்லுக்குப் பையுமில்லை, அட்டையுமில்லை. அதனை அறிந்த தொழிலாளி 125 பாகைச் சூளையில் பல மணிநேரம் உலர்த்திய பின்பே பற்றாசுக் கோலைக் கையிலெடுக்கிறான். சில்லு பிளாஸ்ரிக் சுருளில் இருந்தால் அச்சூட்டில் சுருள் உருகும். அப்போது 40 பாகையிலே, நாட்கணக்கிற் காத்திருக்கிறான்.